மாமனார் ஊருக்குப் போகும்போது மட்டும் கொதித்த வண்டி

நான் வேலையிலிருந்து நின்ற பிறகும் சர்வீஸ் சென்டர் பிள்ளைகள் என்னை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுக்கவில்லை. காலையில் ஏதாவது ஒரு வண்டியின் படம் வரும். கீழே ஒரு கேள்வி இருக்கும். "பழனிச்சாமியண்ணா, இது ஏனுங்ணா இப்படி ஒழுகுது?" நான் ஒரே வார்த்தையில் பதில் போடுவேன். "ஹோஸ்." "மூடி." "காத்து." அவ்வளவுதான். நேரில் இருந்தபோதும் நான் அப்படித்தான்.

இப்போது ரேடியேட்டர் வைத்த பைக்குகள் நிறைய வருகின்றன. சின்னப் பையன்கள்கூட அதைத்தான் வாங்குகிறார்கள். அதனால் கேள்விகளும் கூடிவிட்டன. "ஒத்த வார்த்தையில சொன்னா எங்களுக்குப் புரியலைங்ணா, வாய்ஸ் மெசேஜ் போடுங்க" என்றார்கள். நானும் மைக்கை அழுத்திப் பார்த்தேன். தொண்டையைச் செருமியது மட்டும் போனது. அதற்கும் ஏழெட்டுப் பேர் கட்டை விரல் போட்டிருந்தார்கள். பேச வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

வலது தோள் இறங்கிவிட்டதால் வேலையை விட்டேன். சாய்ந்த வண்டியைத் தூக்கி நிறுத்த முடியாதவன் பட்டறையில் நிற்பது மற்றவர்களுக்குத்தான் தொந்தரவு. ஐம்பத்து நாலு வயது ஓய்வுக்குக் குறைவுதான். ஆனால் அனுப்பர்பாளையத்தில் என் வீட்டைச் சுற்றிப் பாத்திரம் தட்டுகிற சத்தம் விடிந்ததும் தொடங்கிவிடும். அதனால் வேலைக்குப் போகாத மாதிரியே தோன்றுவதில்லை.

நான் படித்தது ஐந்தாவது வரை. பனியன் கம்பெனியில் கொஞ்ச காலம் துணி மடித்துக் கொடுத்தேன். பிறகு சைக்கிள் கடை, பிறகு டூ வீலர் பட்டறை. அந்த நாளில் எங்கள் கைக்கு வந்த பைக் எல்லாம் காற்றில் ஆறுகிற இன்ஜின்தான். இன்ஜினைச் சுற்றி வரிவரியாகத் தகடு இருக்கும். ஓடும்போது காற்றுப் படும், ஆறிவிடும். ரேடியேட்டர் என்றால் லாரிக்கும் காருக்கும் உள்ளது என்று நினைத்திருந்தோம். முதன்முதலில் ரேடியேட்டர் வைத்த பைக் சர்வீஸ் சென்டருக்கு வந்தபோது நாங்கள் நாலு பேர் அதைச் சுற்றி நின்று, ஒருவரும் தொடாமல் பார்த்தோம்.

அது செய்கிற வேலை பெரிய மர்மம் இல்லை. இன்ஜினுக்குள் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டைக் கூலன்ட் என்ற திரவம் வாங்கிக்கொள்கிறது. ஒரு சின்னப் பம்ப் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடான கூலன்ட் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து, தட்டையான மெல்லிய குழாய்கள் வழியாகப் போகும். குழாய்களுக்கு நடுவே வளைத்து வளைத்து வைத்த மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கும். எதிர்க்காற்று அவற்றுக்குள் நுழைந்து சூட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடும். ஆறிய கூலன்ட் மறுபடி இன்ஜினுக்குள் போகும். சூட்டை உள்ளே வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிற வேலை, நாள் முழுக்க.

இதற்குத் துணையாக நாலு பேர் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் ஒரு கதவு. இன்ஜின் சூடாகும் வரை மூடியிருந்து, பிறகு திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும். ஃபேன், வண்டி சிக்னலில் நிற்கும்போது காற்றுக்கு. மூடி, குக்கர் மூடி மாதிரி உள்ளே அழுத்தம் பிடித்து வைத்து, கூலன்ட் சீக்கிரம் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, சூட்டில் பொங்கி வழிவதை வாங்கி வைத்திருந்து, ஆறியதும் திருப்பிக் கொடுக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் சர்வீஸ் சென்டரின் மேனேஜர் அருள்ராஜ். டிப்ளமோ படித்தவர், திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஆறேழு வயது இளையவர். அவரை நாங்கள் சார் என்போம். அவர் என்னை "வே" என்பார். முதலில் எனக்கு அது திட்டுகிற மாதிரி இருந்தது. அந்த ஊரில் அது பிரியமாகக் கூப்பிடுவது என்று பிறகுதான் தெரிந்தது. நான் பதிலுக்கு "ஆமாங்க", "சரிங்க" என்று சொல்லச் சொல்ல, "உங்க ஊர்ல எத்தன 'ங்க' வே ஒரு நாளைக்குச் செலவு பண்ணுவீய" என்று சிரிப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சூடாகிறது என்று எந்த வண்டி வந்தாலும் முதலில் ஸ்பானரைத் தொட விடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டிக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பார். வண்டி எங்கே நிற்கும்? எந்தப் பக்கம் போகும்போது சூடாகும்? வண்டி மேலே என்ன இருக்கும்? அதற்குப் பிறகு புறங்கையைக் கூலன்ட் ஓடுகிற ரப்பர் ஹோஸ் பக்கத்தில் கொண்டுபோவார். தொடமாட்டார். மேல் ஹோஸ் சூடு, கீழ் ஹோஸ் குளிர்ச்சி என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மூடி விஷயத்தில் மட்டும் கோபம் வரும். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கிற கூலன்ட் முகத்துக்குப் பாயும். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் துணியைப் போட்டுத் திருகப் போனார். அருள்ராஜ் சார் எங்கிருந்தோ ஓடிவந்து, "ஏ, அத விடுடே! குக்கர் விசில் அடிக்கும்போது ஒங்க அம்மா மூடியத் தெறந்தாளா?" என்று கத்தினார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் வண்டி ஆறும் வரை காத்திருப்பதற்குப் பெயர் 'விசில் அடங்கட்டும்'.

மூன்று கேள்விகளில் முதல் கேள்விக்கு எங்கள் ஊரில் தனி மதிப்பு உண்டு. மங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தறி ஓட்டுபவர். வண்டி சூடாகிறது என்றார். எங்கே நிற்கும் என்று கேட்டதற்கு, தறிக் குடோனின் ஃபேனுக்கு நேர் கீழே நிழலில் நிறுத்துவேன் என்றார். அந்த ஃபேன் உள்ளே இருக்கிற பஞ்சுத் தூசியையெல்லாம் வெளியே தள்ளும். ரேடியேட்டரைப் பார்த்தால் கம்பளி போர்த்தியது போல் இருந்தது. போதாததற்கு வாட்டர் வாஷில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்து, பஞ்சை உள்ளே இறுக்கி, மெல்லிய தகடுகளையும் மடக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது பனியன் கம்பெனி ஞாபகம் வந்தது. நிட்டிங் மெஷினில் போடுகிற ஊசிக்கு நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். தெரிந்தவரிடம் தேய்ந்துபோன ஊசி ஒன்று வாங்கி வந்து, தகடுகளுக்கு நடுவே மெதுவாக விட்டு இழுத்தேன். பஞ்சு திரியாக வந்தது. மடங்கிய தகட்டையும் அதே ஊசியால் நிமிர்த்தினேன். குழாயில் மட்டும் குத்திவிடக் கூடாது. பிறகு பின்பக்கமிருந்து முன்பக்கமாக, குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டுக் கழுவினோம். அருள்ராஜ் சார் அந்த ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பனியன் போடுத ஊசியா வே இது? நம்ம ஊர்ல இருந்தா நான் முள்ளு எடுத்திருப்பேன்" என்றார். அந்த ஊசி, நுனியில் தக்கை குத்தி, என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இனி நான் எழுத வந்த வண்டி. இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒருவரிடம் போன் செய்து அனுமதியும் கேட்டேன். "பேரன் பொறந்தாச்சு, இனி என்னங்க, எழுதுங்க" என்றார். அவர் யார், எதற்கு அனுமதி என்பது கடைசியில் தெரியும்.

கொரோனா முடிந்து ஓரிரு வருஷம் இருக்கும். தினேஷ் என்று ஒருவர் வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்ஷன் பார்ப்பவர். கல்யாணமாகி ஐந்து மாதம். ரேடியேட்டர் வைத்த பைக், மாமனார் சீராகக் கொடுத்தது. மாமனாருக்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு.

"கொதிக்குதுங்ணா" என்றார் தினேஷ்.

அருள்ராஜ் சார் கையைக் கட்டிக்கொண்டார். "வண்டி எங்க நிக்கும்?"

"ஊட்டுக்குள்ள போர்ட்டிகோவுலதாங்க."

"எந்தப் பக்கம் போகும்போது சூடாகுது?"

தினேஷ் அங்குமிங்கும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மாமனார் ஊட்டுக்குப் போகும்போது மட்டுமுங்க."

பட்டறையே நின்றது. யாரோ ஏர் பம்பை நிறுத்தினார்கள்.

"திரும்பி வரும்போது?"

"கொதிக்கறதில்லீங்க. கம்பெனிக்குப் போனா கொதிக்கறதில்ல. கோயமுத்தூர் போனேன், கொதிக்கல. மாமனார் ஊட்டு ரோட்டுல ஏறினாத்தான்."

"மேல என்ன இருக்கும்?"

"நானும் என்ற சம்சாரமும். ஒரு பேக்கு. அவ்வளவுதாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தினேஷ் சிரிக்கவில்லை. அவர் சொன்னது இதுதான். முதல் தடவை குடிமங்கலம் தாண்டி வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஒரு டெம்போவைப் பிடித்து அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமனார் கொடுத்த வண்டி, மாமனார் ஊருக்குள், டெம்போவில் படுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவையும் வழியில் கொதித்து, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த தடவை தினேஷ் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார். மாமனார் வாசலில் நின்று, "பஸ்ஸுல வர்ற அளவுக்கு நாங்க என்ன மாப்பிள்ளை கொறை வெச்சோம்?" என்று கேட்டுவிட்டார். இவரும் ஏதோ சொல்லிவிட்டார். இப்போது ஆடிப் பண்டிகை, எங்கள் பேச்சில் ஆடி நோம்பி, வருகிறது. கல்யாணமாகி முதல் ஆடி. மாப்பிள்ளை விருந்துக்குப் போக வேண்டும்.

"இந்தத் தடவையும் நின்னா, வண்டிய அங்கயே அவர் ஊட்டுல உட்டுட்டு வந்துருவனுங்க. எனக்கு என்ற பழைய மொபெட்டே போதும்."

"ஒங்க வீட்டம்மா என்ன சொல்லுதாவ?" என்றார் அருள்ராஜ் சார்.

"வண்டிய அங்க உட்டா, நானும் அங்கயே இருந்துக்கறன்னு சொல்றாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. அருள்ராஜ் சார் என்னைப் பார்த்தார். "வே, இது உம்ம வண்டி. விடப்படாது."

மூன்று நாள் அந்த வண்டி என்னிடம் இருந்தது. விசில் அடங்கிய பிறகு கூலன்ட் அளவு பார்த்தேன். டப்பாவில் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. போர் தண்ணீர் ஊற்றியிருப்பார்களோ என்று சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டே மாதத்தில் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படி ஏதும் இல்லை. இருந்தாலும் முழுக்க வடித்து, காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு அலசி, கம்பெனி சொல்கிற கூலன்டை ஊற்றினேன். காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டாலும் கொதிக்கும். அதனால் இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸை அழுத்தி அழுத்தி, குமிழி நிற்கும் வரை பொறுத்து மூடினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பித்தளைப் போசியில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். நேரத்துக்குத் திறந்தது, ஆறியதும் மூடியது. மூடியின் அழுத்தம் சரி. ஃபேன் சரி. பம்ப் சரி. தகடுகளுக்குள் பார்த்தால் பஞ்சு ஒரு இழைகூட இல்லை. இவ்வளவு சுத்தமான ரேடியேட்டரைத் திருப்பூரில் நான் பார்த்ததில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அருள்ராஜ் சாரும் பார்த்தார். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அவிநாசி வரை போய் வந்தார். மீட்டரில் சூடு ஏறவே இல்லை. "வண்டில ஒண்ணும் இல்ல வே" என்றார். "மாமனார் கண்ணுதான் பட்டிருக்கும்." பிறகு சொன்னார்: "நீரு கூடப் போயிட்டு வாரும்."

"நானுங்களா?"

"சென்டர் வண்டிய எடுத்துக்கிட்டு அவுக பின்னாலயே போவும். எங்க நிக்குதோ அங்க பாரும்."

விருந்துக்குப் போகிற புது ஜோடிக்குப் பின்னால் நான் எப்படிப் போவது? எனக்கு வியர்த்துவிட்டது. "விருந்துச் சாப்பாடு வே" என்றார் அவர். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆடி நோம்பியன்று பல்லடம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் அருகே நான் காத்திருந்தேன். அவர்கள் கடந்து போனார்கள். தினேஷ் கை காட்டினார். பின்னால் அவர் மனைவி கௌசல்யா, பட்டுப்புடவையைச் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலேயே போனேன். முந்திப் போக எனக்குக் கூச்சம். அதனால் வழி முழுக்க வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். ஆடிக் காற்று இரண்டு பக்கமும் பனைமரத்தைச் சாய்த்தது. கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் வேகமாகச் சுற்றின. இவ்வளவு காற்றில் ரேடியேட்டர் குளிர்ந்து நடுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். குடிமங்கலத்துக்கு முன்பே தினேஷின் வண்டி வேகம் குறைந்து ஓரமாக நின்றது.

நான் போய் நிறுத்துவதற்குள் இரண்டு பேரும் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

"பாத்தியா? பாத்தியா? உங்கப்பன் குடுத்த வண்டி!"

"உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லுங்க. எங்கப்பாவ எதுக்கு இழுக்கறீங்க?"

"இன்னிக்கு வண்டி அங்கதான் நிக்கும். சொல்லிட்டன்."

"நிக்கட்டும். நானுந்தான் நிக்கறன்."

அந்த நேரம் பார்த்து கௌசல்யாவின் போன் அடித்தது. எதிர்ப்பக்கம் பேசியது எனக்கே கேட்டது. "கண்ணு, எங்க வந்துட்டிருக்கீங்க? எலை போட்டாச்சு சாமி."

கௌசல்யா கணவனைப் பார்த்தார். "வந்துட்டே இருக்கமுங்கப்பா. காத்து நெம்ப அடிக்குது. மெல்ல வர்றமுங்க" என்று வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

நான் வண்டியின் முன்பக்கம் வந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

ரேடியேட்டருக்கு ஒரு உடுப்பு போட்டிருந்தது. நீல நிறம். ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து ரேடியேட்டரின் அளவுக்கு அச்சாக, ஒரு சுருக்கம் இல்லாமல் மாட்டியிருந்தது. நடுவில் இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்தும் எம்பிராய்டரி. கீழ் மூலையில் லேபிள்கூட இருந்தது. முப்பது டிகிரியில் துவைக்க வேண்டும், இஸ்திரி போடக் கூடாது என்பதற்கான குறிகள் அதில் இருந்தன. பனியன் கம்பெனியில் இருந்தவன் என்பதால் எனக்கு அவை தெரியும். அந்த லேபிளுக்குப் பின்னால் கூலன்ட் கொதிக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் எதற்கும் துணி தைத்துப் போட்டுவிடுவார்கள். மிக்ஸிக்கு ஒன்று, டி.வி. ரிமோட்டுக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. கட்டிங்கில் மிஞ்சுகிற துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியாது.

அதைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் எப்படிச் சொல்வது? தினேஷிடம் சொன்னால், வண்டி கெட்டது அவர் மனைவியால் என்று ஆகிவிடும். அந்தத் தையலைப் பார்த்தால் ஆசையாகத் தைத்தது என்று தெரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நானாகப் பேச்சுக் கொடுத்தது என் வாழ்க்கையில் அதற்கு முன் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இது எத்தனை ஜிஎஸ்எம் துணிங்க?"

கௌசல்யா திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணியின் எடையைப் பற்றி யாராவது கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "நூத்தி நாப்பதுங்ணா. மெஷ்ங்க. நான் சேம்பிள் செக்ஷன்ல டெய்லரா இருக்கறன். ஸ்போர்ட்ஸ் டீ சர்ட்டுக்கு வந்த துணிங்க. ஓட்டை ஓட்டையா இருக்கும், காத்து போகும்னுதான் தெச்சேன்."

"நெம்ப நல்லா தெச்சிருக்கீங்க. உள்ளார ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"லைனிங் குடுத்திருக்கனுங்க. மெஷ் மட்டும் போட்டா உள்ளார இருக்கறது தெரியுதுங்க. பாக்க நல்லா இல்ல."

"எப்பவும் போட்டிருக்குமுங்களா?"

"இல்லீங்ணா. அப்பா ஊட்டுக்குப் போகும்போது மட்டுமுங்க. வண்டி குடுத்தப்பவே அப்பாதான் சொன்னாரு. முன்னால இருக்கற வலை மெல்லிசா இருக்குது, கல்லுப் பட்டா நசுங்கிரும், ஒரு துணியக் கட்டுங்கன்னு. போனதும் மொதல்ல அதத்தான் குனிஞ்சு பாப்பாரு. அங்க போயிச் சேந்ததும் கழட்டித் தொவைக்கப் போட்டுருவனுங்க. ரோட்டுத் தூசிக்கு நிறம் மங்கிருமுங்க. துணியில அழுக்கு ஒட்டக் கூடாதுன்னு, உள்ளார இருக்கற வலையையும் வாரம் ஒருக்கா பிரஷ்ஷால தட்டி உட்டுருவனுங்க."

போகும்போது போட்டிருக்கும், வரும்போது துவைத்துப் பைக்குள் இருக்கும். பட்டறைக்கு வண்டி வரும்போது பீரோவில் இருக்கும். அருள்ராஜ் சாரின் மூன்றாவது கேள்விக்கு தினேஷ் பொய் சொல்லவில்லை. வண்டிக்கு மேலே அவர்கள் இரண்டு பேரும் ஒரு பையும்தான். வண்டிக்கு முன்னால் என்ன என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

கொஞ்சம் ஆறியதும் எலாஸ்டிக்கை விரல் நுனியால் நெம்பி, அந்த உடுப்பைக் கழற்றிக் காற்றில் உதறி, கௌசல்யாவிடம் நீட்டினேன். "இத மூக்கு, வாயில வெச்சு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க."

தினேஷ் என்னை விநோதமாகப் பார்த்தார். கௌசல்யா வாங்கி, நன்றாக இழுத்துப் பிடித்து, முகத்தில் வைத்தார். ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு. அவர் கண் பெரிதாகியது. கொரோனா காலத்தில் எங்கள் ஊரில் பாதிக் கம்பெனி மாஸ்க்தான் தைத்தது. அவரும் தைத்திருப்பார். துணியைக் கீழே இறக்கினார்.

"அய்யோ" என்று தினேஷின் பக்கம் திரும்பினார். "மாமா, வண்டிக்கு மாஸ்க்கப் போட்டு இத்தன தூரம் ஓட்டியிருக்கமுங்க!"

"என்னது?"

"ரெண்டு லேயரு! நானே இதப் போட்டுட்டு மாடி ஏற மாட்டனுங்க!"

தினேஷ் அந்தத் துணியை வாங்கித் தன் முகத்தில் வைத்துப் பார்த்தார். அப்படியே சாலையோரம் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கௌசல்யாவும் சிரித்தார். சண்டை எங்கே போனது என்று தெரியவில்லை. நான் மட்டும் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சிரிக்காதீங்க, மூடியத் தொட்றாதீங்க. விசில் அடங்கட்டும்" என்றேன். அன்று நான் பேசியது ஒரு மாதப் பேச்சு.

முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் குறைந்திருந்த கூலன்டை ஊற்றினேன். அது தித்திக்கும், ஆனால் விஷம், நாய் நக்கிவிடும் என்பதால் மண்ணில் சிந்தியதைத் தண்ணீர் விட்டு அலசினேன். பிறகு கிளம்பினோம். இந்தத் தடவை அவர்கள் என்னை முன்னால் போகச் சொன்னார்கள். நான் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு போனேன். தோப்பு வாசல் வரை அந்த வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

மாமனார் நாச்சிமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். உயரமான மனிதர். "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று கைகூப்பினார். வண்டியில் வந்த சந்தோஷத்தில் அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறைப்பதற்காக வேறு பேசினார். "வண்டின்னா கொதிக்கத்தாங்க செய்யும். என்ற டிராக்டரே இந்த வருசம் பூராவும் கொதிச்சுட்டுக் கெடக்குது. மெக்கானிக்க மூணு தடவ மாத்திட்டன்." பிறகு வழக்கம்போலக் குனிந்தார். "ஏங்கண்ணு, அந்த டிரெஸ்ஸு எங்க?"

தினேஷ் வாயைத் திறந்தார். கௌசல்யா முந்திக்கொண்டார். "அது போட்டா வண்டிக்கு மூச்சு முட்டுதுங்கப்பா. காத்துப் போனாத்தான் ஆறும். இந்த அண்ணன் கண்டுபுடிச்சாரு. அதனாலதான் அன்னிக்கு நின்னுச்சு. வண்டியும் நல்ல வண்டிங்க, ஓட்டுறவரும் நல்லாத்தான் ஓட்டறாரு."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "துணியக் கட்டச் சொன்னது நான்தாங்க மாப்பிள்ளை."

"பரவால்லீங்க மாமா" என்றார் தினேஷ். "கல்லுப் படாம நானே பாத்து ஓட்டிக்கறன்."

அவ்வளவுதான். உள்ளே போனோம். இலையில் என்னென்ன வைத்தார்கள் என்று அருள்ராஜ் சார் பிறகு கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. யாரோ வைத்துக்கொண்டே இருந்தார்கள், நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்று மட்டும் கவனித்தேன். நாச்சிமுத்து பாயசத்தைத் தொடவில்லை. பாதியில் எழுந்து பின்பக்கம் போனார்.

நான் கை கழுவப் பின்னால் போனேன். தேங்காய் உரிக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் அவருடைய டிராக்டர் நின்றது. அதன் முன்கிரில் மேல் சாக்கு ஒன்றை மடித்து, தேங்காய் நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. நார்த் தூசி போகாமல் இருக்கத்தான். நாச்சிமுத்து அரிவாளால் அந்த நாரை அறுத்துக்கொண்டிருந்தார். சாக்கை எடுத்து உதறினார். திரும்பினார். நான் நின்றிருந்தேன்.

சாக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு பக்கத்தில் வந்தார். "தம்பி, மாப்பிள்ளைகிட்ட சொல்லிராதீங்க."

"நான் நெம்பப் பேசறவன் இல்லீங்க" என்றேன்.

"பாத்தாலே தெரியுது" என்றார். கிளம்பும்போது என் வண்டியில் இளநீர்க் குலை ஒன்றைக் கட்டிவிட்டார். தினேஷும் கௌசல்யாவும் அன்று மாலையே அந்த வண்டியில் திருப்பூருக்குத் திரும்பினார்கள். அந்த உடுப்பைக் கழற்றியதற்குப் பிறகு வழியில் ஓரிடத்திலும் கொதிக்கவில்லை என்று தினேஷ் எனக்குப் போன் செய்து சொன்னார்.

தீபாவளிக்கு முன்னால் அவர் சர்வீஸுக்கு வந்தார். நான் ரேடியேட்டரில் ஊசியை விட்டுப் பஞ்சு இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லா வண்டியையும் போல அதிலும் கொஞ்சம் பஞ்சு இருந்தது. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா, ஒரு அதிசயம் கேளுங்க. எங்க மாமனார் டிராக்டர்கூட இப்பக் கொதிக்கறதே இல்லீங்க. எந்த மெக்கானிக்கும் பாக்கல. தானா சரியாயிருச்சு. கேட்டா அவருக்கும் தெரியலைங்கறாரு. என்னவா இருக்குமுங்க?"

நான் ஊசியில் வந்த திரியை ஊதிவிட்டேன்.

"காத்துங்க" என்றேன்.